சிறிய கொல்லைப்புறத்துக்கு ஒரு வடிவமைப்புச் சேவை: மதிப்புரை

வீட்டின் பின்புறத்தில் 18 அடி அகலமும் 24 அடி நீளமும் உள்ள சிறு நிலத்தைத் திருத்தி அமைப்பதற்காக, தோட்ட வடிவமைப்பை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்களது வேலையில் பாராட்டத்தக்கதும் குறை சொல்லத்தக்கதும் கலந்தே இருப்பதால், பெயரைக் குறிப்பிடாமல் வேலையை மட்டும் மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நிலத்தை அளப்பதிலும், தண்ணீர் போகும் வழியைத் தீர்மானிப்பதிலும், சிறு இடத்தை விசாலமாக உணரவைக்கும் வரைபடத்தைத் தருவதிலும் இந்தச் சேவை மிக உயர்ந்த தரத்தில் இருந்தது. செடிகளைத் தேர்ந்தெடுப்பதிலும், வேலை முடிந்தபின் தோட்டத்தைப் பேணும் முறையைச் சொல்லித் தருவதிலும் அந்தத் தரம் இல்லை.

சேவை மூன்று பகுதிகளாக விற்கப்படுகிறது. முதலாவது, நிலத்தை நேரில் வந்து ஆராய்ந்து அளவுக் குறிப்புத் தருவது. இரண்டாவது, 1:50 அளவில் (நிலத்தில் 50 செ.மீ. என்பது தாளில் 1 செ.மீ.) வரைபடமும் அதற்கான விளக்கக் குறிப்பும். மூன்றாவது, செடிப் பட்டியலும் கட்டுமான மேற்பார்வையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. நாங்கள் மூன்றையும் வாங்கினோம்.

நேரில் வந்தவர் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எந்த நிறப் பூ பிடிக்கும், புல்தரை வேண்டுமா என்ற கேள்விகளை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு இது வியப்பாக இருந்தது. அவர் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை எடுத்து, பின்வாசல் நிலைப்படியில் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறு முனையை நிலத்தின் நான்கு மூலைகளிலும், கழிவுநீர்த் தொட்டி மூடியின் மேலும், மதிலை ஒட்டிய ஒவ்வோர் இடத்திலும் வைத்து மட்டத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு வீட்டுச் சுவரின் அடியில் குந்தி, பூச்சு உப்பி உதிர்ந்திருந்த கோட்டை விரலால் தடவிக் காட்டினார். வெவ்வேறு காலங்களில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடப்பட்ட சிமென்ட் தளங்களால் வெளித்தரை உயர்ந்து, சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கை எட்டிவிட்டிருந்தது. முடிக்கப்பட்ட வெளித்தரை அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது கட்டுமானத்தில் பழகிய விதி. மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும்போது சுவர் நனையாமலிருப்பதற்கும், மண்ணின் ஈரம் அடுக்கைத் தாண்டி மேலேறாமலிருப்பதற்கும் அந்த இடைவெளி தேவைப்படுகிறது. மூலை மட்டங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, நிலம் முழுவதும் வீட்டை நோக்கியே சாய்ந்திருப்பதும் தெரிந்தது. தோட்டத்தை அழகாக்க வந்தவரின் முதல் அறிவுரை, பழைய தளத்தை உடைத்து அகற்றுங்கள் என்பதாக இருந்தது. செலவைக் கூட்டும் அறிவுரைதான் என்றாலும் இதைச் சொல்லாமல் மேலே ஓர் அழகிய தளத்தைப் போட்டிருந்தால், சுவரின் ஈரம் இன்னும் மோசமாகியிருக்கும்.

மண்ணின் தன்மையையும் அவர்கள் ஊகத்துக்கு விடவில்லை. நிலத்தின் கடைக்கோடியில் ஏறத்தாழ 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, அது நிறையத் தண்ணீர் ஊற்றி, முழுவதும் வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, குச்சியில் அடையாளமிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். முதல் முறை ஊற்றும் தண்ணீரை வறண்ட மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இரண்டாம் முறை இறங்கும் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு அந்த மண் ஏற்றது, 2.5 செ.மீ.க்கும் குறைந்தால் வேர்கள் தண்ணீரில் நின்று அழுகும் வாய்ப்பு அதிகம். எங்கள் மண் 2.5-க்கும் 7.5-க்கும் நடுவில், தாழ்ந்த பக்கமாக இருந்தது. களிமண் கலந்த மண்ணில் மணலைக் கொட்டிக் கலந்தால் வடிகால் சரியாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை அவர் பொறுமையாக மறுத்தார். மிகப் பெரிய அளவில் கலந்தாலன்றி மணல் அங்கே பயன் தருவதில்லை. பல நேரங்களில் மண் மேலும் இறுகிப்போகிறது. மக்கிய உரத்தை ஆண்டுதோறும் சேர்த்து மண்ணின் கட்டமைப்பை மெல்ல மாற்றுவதே வழி. இந்தச் சோதனையை எல்லோரும் வீட்டில் தாங்களே செய்துபார்க்கலாம் என்றாலும், இதற்காகவே அந்த முதல் பகுதியை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுக்கும் முறை வரைபடத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தளம் வீட்டிலிருந்து விலகிச் செல்லும் திசையில் 60-க்கு 1 என்ற விகிதத்தில், அதாவது 10 அடிக்கு 2 அங்குலம் இறங்க வேண்டும். கண்ணுக்குச் சாய்வாகத் தெரியாத, நாற்காலி ஆடாத, அதே சமயம் தண்ணீர் தேங்காத அளவு இது. தளத்தின் கடைசியில் ஒரு சிறு கால்வாய். அதிலிருந்து, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் ஜல்லி நிரப்பிய ஊறல் குழி. குழி நிறைந்தால் தண்ணீர் வெளியேற ஒரு மிகைவழி. கூரைத் தண்ணீரும் அதே குழிக்கு வருவதால் குழியின் கொள்ளளவைக் கூரையின் பரப்பையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருந்தார்கள். பல வரைபடங்களில் இந்தக் கூரைத் தண்ணீர் விடுபட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். அதற்கு வழி சொல்லாத தோட்ட வரைபடத்தை முழுமையானது என்று ஏற்க இயலாது.

வெயில் வரைபடம் இன்னொரு நல்ல பகுதி. காலை, நடுப்பகல், மாலை ஆகிய வேளைகளில் மதிலின் நிழலும் வீட்டின் நிழலும் எங்கெங்கே விழுகின்றன என்பதை மூன்று மெல்லிய தாள்களில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி தந்தார்கள். சூரியனின் உயரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், ஒரு பருவத்தில் எடுத்த குறிப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதையும் எழுதியிருந்தார்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர்வெயில் படும் இடம் எங்கள் நிலத்தில் ஒரு மூலையில் மட்டுமே இருந்தது. காய்கறிப் பாத்தி அங்கே போனது; உட்காரும் இடம் மாலை நிழல் விழும் பக்கத்துக்கு வந்தது. அதுவரை உட்காரும் இடம் என்றாலே பின்வாசலை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

இந்தச் சேவையின் உச்சம் என்று நான் கருதுவது அடுத்து வந்த வரைபடம். சிறிய கொல்லைப்புறங்களில் பெரும்பாலும் நடுவில் ஒரு வெட்டவெளியும், மதிலைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு செடிப்பட்டையும் இருக்கும். இந்த அமைப்பு ஒரே பார்வையில் நிலத்தின் நான்கு எல்லைகளையும் காட்டிவிடுகிறது. ஒல்லியான பாத்தியில் செடிகள் ஒரே வரிசையில்தான் நிற்க முடியும். உயரமானதும் குட்டையானதும் முன்னும் பின்னுமாக அடுக்கப்படும் ஆழம் அங்கே கிடைப்பதில்லை. எங்களுக்குத் தரப்பட்ட வரைபடத்தில் தளத்தின் கோடுகள் வீட்டுச் சுவருக்கு 45 பாகை கோணத்தில் திருப்பப்பட்டிருந்தன. இதனால் பின்வாசலில் நிற்பவரின் பார்வை எதிர்மதிலில் முட்டி நிற்காமல் மூலையிலிருந்து மூலைக்குப் போகிறது. 18-க்கு 24 அடி நிலத்தில் மூலைவிட்டத்தின் நீளம் சரியாக 30 அடி. இடம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. ஆனால் கண் பயணம் செய்யும் தூரம் 24 அடியிலிருந்து 30 அடியாகிவிடுகிறது. கோணம் திரும்பியதால் ஓரங்களில் எஞ்சிய முக்கோண இடங்கள் ஆழமான பாத்திகளாயின. சில இடங்களில் அவற்றின் ஆழம் ஆறடிக்கும் மேல். அங்கே ஒரு சிறு மரம், அதன் கீழே புதர்கள், முன்னால் படர்செடிகள் என மூன்று அடுக்குகள் வைக்க முடிந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் அவர்களே சொன்னார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் சிறு நகர்ப்புற வீட்டுத் தோட்டங்களை வடிவமைத்த தாமஸ் சர்ச், சாய்கோடுகளையும் வளைகோடுகளையும் கொண்டு நெருக்கமான மனைகளை அகலப்படுத்திக் காட்டினார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் புரூக்ஸ், வீட்டின் கதவு, சன்னல் இவற்றின் இடைவெளியையே அளவுகோலாக எடுத்து நிலத்தின்மீது கட்டங்கள் வரைந்து, அந்தக் கட்டங்களுக்குள் தோட்டத்தை அமைக்கும் முறையைப் பரவலாக்கினார். எங்கள் வரைபடம் இந்த இரண்டு வழிகளையும் இணைத்தது. பின்வாசலுக்கும் பக்கத்துச் சன்னலுக்கும் இடையிலான தூரம் ஒரு கட்டத்தின் பக்கமாக எடுக்கப்பட்டு, அந்தக் கட்டம் முழுவதும் திருப்பப்பட்டது. வீட்டின் அளவுகளிலிருந்தே தோட்டத்தின் அளவுகள் பிறந்ததால்தான், சாய்ந்த கோடுகள் இருந்தும் தோட்டம் வீட்டோடு ஒட்டியே தெரிகிறது என்று நினைக்கிறேன்.

கோணத்தில் கல் பதிக்கும்போது மதிலோரத்தில் எல்லாக் கற்களையும் வெட்ட வேண்டியிருக்கும், சேதாரமும் கூடும். தளத்தை மதில்வரை கொண்டுபோகாமல் முழுக்கற்களிலேயே நிறுத்தி, அந்தப் பல் பல்லான விளிம்பில் செடிகளை வழியவிட்டு இதைத் தீர்த்திருந்தார்கள். ஒரு கல்லின் முனை பாத்திக்குள் நீட்டிக்கொண்டிருக்க, அடுத்த இரு கற்களுக்கு இடையிலான பள்ளத்தில் தரைப்படர் செடி ஒன்று ஏறி வந்து கல்லின் விளிம்பை மறைக்கிறது. வேலை செய்த கொத்தனாருக்கும் இது மிகவும் பிடித்துப்போனது. வெட்டும் வேலை பெருமளவு குறைந்துவிட்டதல்லவா!

அளவுகளில் அவர்கள் கறாராக இருந்தார்கள், அதுவும் சரியே. நான்கு பேர் உட்காரும் மேசைக்கு 10-க்கு 10 அடி இடம் வேண்டும். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுவதற்குப் பின்புறம் 90 செ.மீ. வேண்டும். அந்த இடத்தை ஒதுக்கினால் வேறெதற்கும் இடமில்லை என்று கண்டதும் மேசையை விட்டுவிட்டு, பாத்தியின் கரைச்சுவரையே 45 செ.மீ. உயரத்தில் 40 செ.மீ. அகலத்தில் கட்டி இருக்கையாக்கச் சொன்னார்கள். மண்ணைத் தாங்கும் சுவரே திண்ணையாகவும் ஆனதால் நாற்காலிகளின் நெருக்கடி இல்லை. நிலத்தின் பின்பகுதியை ஓரடி உயர்த்தி இரண்டு படிகள் வைத்ததும் அவர்கள் யோசனைதான். படியின் உயரத்தை இரட்டித்து அதனுடன் மிதிபலகையின் ஆழத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 64 செ.மீ. வர வேண்டும் என்ற பழைய கணக்கின்படி படிகள் அமைந்திருக்கின்றன; வயதானவர்கள் தடுமாறாமல் ஏறி இறங்குகிறார்கள். மட்டம் மாறும் இடத்தில் ஒரே நிலம் இரண்டு இடங்களாகப் பிரிந்து தெரிவது சிறு கொல்லைப்புறத்துக்குப் பெரிய லாபம். ஆனால் ஓரிரு செ.மீ. மட்டும் உயரும் ஒற்றைப்படியை எங்கும் வைக்கக் கூடாது. கண்ணில் படாமல் காலைத் தடுக்கும்.

அண்டை வீட்டு மாடிச் சன்னலிலிருந்து பார்வை விழுவதுதான் எங்களுக்கு நெடுநாளைய உறுத்தல். மதிலை உயர்த்தத் தேவையில்லை என்று காகிதத்தில் கோடு போட்டே விளக்கினார்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து அந்தச் சன்னலுக்கு ஒரு கோடு இழுத்தால், மறைப்பு கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு குறைந்த உயரமே போதும். எனவே மதிலோரத்தில் நிற்கும் உயரமான மரத்தைவிட, இருக்கைக்கு மேலே சாய்ந்த கொடிப்பந்தல் நன்றாக மறைக்கிறது. வெற்று மதிலைக் காற்று தாண்டும்போது மறுபக்கத்தில் சுழன்று விழும். இடைவெளி உள்ள தட்டியோ வேலிச்செடியோ காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைக்கும். இந்தக் காரணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மதிலை உயர்த்தும் யோசனையை அவர்கள் நிராகரித்தது முற்றிலும் நியாயமானது.

பொருள்களைப் பொறுத்தவரை அவர்களது அறிவுரை பெரும்பாலும் ஏற்கத்தக்கது. தளத்துக்கு ஒரே வகைக் கல், அதுவும் பெரிய அளவில். இணைப்புக் கோடுகள் குறையக் குறைய இடம் அமைதியாகத் தெரியும். செயற்கைப் புல் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்கள். நேர்வெயிலில் அது வெறுங்காலை வைக்க முடியாத அளவு சூடேறும், இயற்கைப் புல்லைப்போல நீராவி விட்டுக் குளிர்வதில்லை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளை விரும்பினால், வெப்பத்தில் அவை நீளும் என்பதால் பலகைகளின் முனைகளுக்கிடையே தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் கட்டாயம் விட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நான் உடன்படாத ஒன்று, பாத்திகளில் களைத்தடுப்புத் துணி விரிக்கச் சொன்னது. சில காலத்தில் துணியின் மேலேயே இலைச்சருகும் தூசியும் படிந்து மண்ணாகி, அதில் களை முளைத்து, அதன் வேர் துணியின் இழைகளில் மாட்டிக்கொள்ளும். மண்ணுக்கு மக்கு சேர்ப்பதும் தடைப்படும். துணியை விரிக்காமல் 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு இட்டு, செடியின் தண்டைத் தொடாமல் சற்று விலக்கி வைத்தோம். களை குறைவாகவே வருகிறது, கையாலேயே பிடுங்க முடிகிறது.

குறை தொடங்குவது செடிப் பட்டியலில். நிலத்தை அவ்வளவு கவனமாக அளந்தவர்களின் கையிலிருந்தா இந்தப் பட்டியல் வந்தது என்று கேட்கத் தோன்றியது. அதில் செடிவகைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ மட்டும். சிறிய இடத்தில் இப்படி வைத்தால் கண் எதிலும் நிலைக்காது. குறைந்த வகைகளை மூன்று, ஐந்து எனத் திரளாக வைத்து, அதே திரளை வேறோர் இடத்திலும் திரும்ப வரச்செய்தால்தான் தோட்டம் ஒன்றாகத் தெரியும். பட்டியலில் இருந்த மூங்கில் எந்த வகை என்பதும் குறிப்பிடப்படவில்லை. கொத்தாக வளரும் மூங்கிலும் நிலத்தடித் தண்டால் ஓடிப் பரவும் மூங்கிலும் முற்றிலும் வேறானவை. பின்னதை வேர்த்தடுப்பு இல்லாமல் சிறு நிலத்தில் வைத்தால் அது தளத்தின் அடியிலும் அண்டை வீட்டு மண்ணிலும் புகுந்துவிடும். செடிகளின் முழு வளர்ச்சி அகலமும் குறிக்கப்படவில்லை. நட்ட அன்றே பாத்தி நிறைந்து தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் நெருக்கி நடச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பட்டியலை உள்ளூர் நாற்றங்காலில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டி, வகைகளைப் பாதியாகக் குறைத்து, இடைவெளியைக் கூட்டித்தான் நட்டோம். தொட்டிகளிலும் இப்படியே: பத்துச் சிறு தொட்டிகளுக்குப் பதிலாக இரண்டு பெரிய தொட்டிகளை வைத்தோம். சிறு தொட்டியில் மண் குறைவு, வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

விளக்குகளுக்கு அவர்கள் தந்த குறிப்பு சுருக்கமானது, ஆனால் போதுமானது. 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி, கண்ணில் நேராகப் படாமல் கீழ்நோக்கி. படிகளுக்கும் ஒரு மரத்துக்கும் மட்டும். நீலம் கலந்த வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாக வருகின்றன.

மேற்பார்வையைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும். கல்லுக்கு அடியில் 10 செ.மீ. கனத்துக்கு ஜல்லிப் படுகை போட்டு இடித்து இறுக்கும் வேலை, தளம் போட்டு முடித்த பிறகு யார் கண்ணிலும் படாது. அதில் குறைத்துச் செய்தால்தான் ஆட்களுக்கு மிச்சம். அந்த நாளில் அவர்களுடைய ஆள் உடன் நின்று, ஒரே தடவையில் மொத்தமாகக் கொட்டாமல் பாதிப் பாதியாகப் பரப்பி இறுக்கச் செய்தார். அதற்குப் பின் கனமழை பெய்தும் தளம் எங்கும் உட்காரவில்லை, பின்வாசலில் தண்ணீர் நிற்கவில்லை, சுவரடியின் ஈரக்கோடும் மங்கிவருகிறது.

ஆனால் வேலை முடிந்த அன்றோடு உறவும் முடிந்தது. எந்தச் செடியை எப்போது கவாத்து செய்வது, ஊறல் குழிக்கு வரும் வண்டலைப் பிடிக்கும் தொட்டியை எத்தனை காலத்துக்கு ஒருமுறை திறந்து வாருவது, கல் இணைப்புகளில் மணல் குறைந்தால் எதைக் கொண்டு நிரப்புவது என்று எழுதிய ஒரு தாளைக்கூடத் தரவில்லை. கேட்டபோது அது தனிச் சேவை என்று பதில் வந்தது. வண்டல் அடைத்தால் அவர்கள் அவ்வளவு அக்கறையோடு கணக்கிட்ட வடிகால் முழுவதும் வீணாகும் என்பதால், இதைத் தனியாக விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய சேவையை நாடுபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பராமரிப்புக் குறிப்பும், ஓராண்டு கழிந்தபின் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் மட்ட அளவுகள் எண்களாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும் கேட்க வேண்டும். வண்ணம் தீட்டிய கணினிப் படம் கொத்தனாருக்கு உதவாது. நிலம் சாய்ந்திருந்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ, பல வீடுகளின் பார்வை விழுந்தாலோ, முதல் இரண்டு பகுதிகளையும் மேற்பார்வையையும் தயங்காமல் வாங்கலாம். மூன்றாம் பகுதியிலிருந்து செடிப் பட்டியலை மட்டும் விலக்கித் தரக் கேட்டு, அந்தத் தொகையை நல்ல மண்ணுக்கும், அருகிலுள்ள நாற்றங்காலில் வெயில் வரைபடத்தைக் காட்டித் தேர்ந்தெடுக்கும் செடிகளுக்கும் செலவிடுங்கள்.